எழுத்து மாறியிருந்தால் அசல் இல்லையா? எம்1 கார்பைனின் பாகங்களும் முத்திரைகளும்

ஏப்ரல் 6, 2019: மிச்சிகன்வாசியின் கேள்வி

பக்கத்து வீட்டுப் பெரியவர் போன வருடம் காலமானார். வீட்டைக் காலி செய்யும்போது அவர் மனைவி முறைப்படி எழுதிக் கொடுத்து, அவருடைய எம்1 கார்பைனை (இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் பயன்படுத்திய குட்டைத் துப்பாக்கி) என்னிடம் தந்தார். பின்பக்கத்தில் ‘எஸ்டிடி. புரோ.’ என்று பாதி தெரிகிறது, மீதி குறிபார்க்கும் சைட்டுக்கு அடியில் போய்விடுகிறது. ‘புரோ’ என்றால் உயர்ரக மாடலா? குழலில் அண்டர்வுட், போல்டில் (குழலின் பின்வாயை அடைக்கும் பாகம்) டபிள்யூ, மரக்கட்டையில் தோள்வார் நுழையும் குழிக்குள் ஓ.ஐ. துப்பாக்கிக் கடையில் காட்டினேன். “எல்லாம் கலவை, மிக்ஸ்மாஸ்டர், அசல் கிடையாது” என்று சொல்லிவிட்டார்கள். எஸ் எழுத்துப் பாகங்களாகத் தேடி வாங்கி மாட்டினால் அசலாகிவிடுமா அண்ணா?

ஏப்ரல் 6, இரவு

ஒன்றையும் மாற்றாதீர்கள் தம்பி. ஒரு திருகைக்கூட.

‘எஸ்டிடி. புரோ.’ மாடல் பெயர் அல்ல, செய்தவர் பெயர். ஸ்டாண்டர்ட் ப்ராடக்ட்ஸ் கம்பெனி, போர்ட் கிளின்டன், ஒஹாயோ. கார் உதிரிபாகம் செய்துகொண்டிருந்தவர்கள். போர்க் காலத்தில் சுமார் 2,47,000 கார்பைன் செய்து கொடுத்தார்கள். நான் ஒஹாயோவில் இருப்பதால் அந்த ஊருக்கு அடிக்கடி போவேன். ஏரிக்கரையில் சின்ன ஊர். பக்கத்திலேயே கேம்ப் பெர்ரி துப்பாக்கி சுடும் மைதானம். அங்கே சி.எம்.பி. (ராணுவம் கழித்த துப்பாக்கிகளைப் பொதுமக்களுக்கு விற்கும் அமைப்பு) கடையில் ரேக் நிறைய கார்பைன் நின்ற காலம் ஒன்று இருந்தது, பெரும்பாலும் இத்தாலியிலிருந்து திரும்பி வந்தவை. ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்துத்தான் இந்த எழுத்துகளை நான் படித்துக்கொண்டேன். புத்தகம் பிறகுதான் வாங்கினேன்.

கதை இதுதான். 1941 அக்டோபரில் அமெரிக்க ராணுவம் வின்செஸ்டரின் வடிவமைப்பை ஏற்றுக்கொண்டது. தேவைப்பட்ட எண்ணிக்கைக்குத் துப்பாக்கிக் கம்பெனிகள் போதவில்லை. பத்து கம்பெனிக்கு ஒப்பந்தம் போனது. அதில் துப்பாக்கிக் கம்பெனி என்று சொல்லக்கூடியது வின்செஸ்டர் ஒன்றுதான். இன்லண்ட் என்பது ஜெனரல் மோட்டார்ஸின் டேட்டன் பிரிவு, அது மட்டும் 26 லட்சத்துக்கு மேல் செய்தது. சாகினா ஸ்டியரிங் பாகம் செய்தவர்கள். அண்டர்வுட் டைப்ரைட்டர். ஐ.பி.எம். கணக்கு இயந்திரம். நேஷனல் போஸ்டல் மீட்டர் தபால் முத்திரை இயந்திரம். ராக்-ஓலா பாட்டுப்பெட்டி! ஓட்டல்களில் காசு போட்டால் பாடுமே, அந்தப் பெட்டி. பெயரைப் பார்த்து ‘ராக்’ இசைக்காக வைத்தது என்று பலரும் நினைக்கிறார்கள். உரிமையாளர் பெயரே ராக்கோலா. பாட்டுப்பெட்டிப் பெயர் என்பதால் அந்த முத்திரை விழுந்த ரிசீவருக்கு (வரிசை எண் பொறித்த நடு உடல்) இன்றும் தனி மவுசு.

எல்லாரும் சேர்ந்து செய்தது 60 லட்சத்துக்கும் மேல். யார் செய்த பாகமும் யார் துப்பாக்கியிலும் பொருந்த வேண்டும் என்பது ஒப்பந்தத்தின் உயிர்நாடி. நீங்கள் பார்க்கும் எழுத்துக் கலவைக்குக் காரணம் அங்கேதான் தொடங்குகிறது. நாளைக்கு எழுதுகிறேன்.

ஏப்ரல் 7

படம் எடுக்கும் முன்: மேகஸினை (தோட்டாப் பெட்டி) கழற்றுங்கள், ஸ்லைடை (போல்டை நகர்த்தும் பக்கத்துப் பாகம்) பின்னுக்கு இழுத்துக் குழலின் வாயறைக்குள் கண்ணாலும் விரலாலும் பாருங்கள். அதன் பிறகுதான் மற்றது.

குழலையும் கட்டையையும் சேர்த்துப் பிடிக்கும் முன்பட்டையின் திருகைத் தளர்த்தி, பக்கத்து ஸ்பிரிங்கை அழுத்திப் பட்டையை முன்னால் தள்ளினால், குழலைத் தூக்கிக் கட்டையிலிருந்து எடுத்துவிடலாம். அதோடு நிறுத்துங்கள். வாயு பிஸ்டன் நட்டைத் தொட வேண்டாம். கம்பி பிரஷ், சுண்ணாம்பு, கிரீஸ் நீக்கி எதுவும் வேண்டாம். இருட்டறையில் டார்ச்சைப் பக்கவாட்டில், தாழ்வாகப் பிடியுங்கள். தேய்ந்த எழுத்துகூட நிழலில் எழுந்து வரும்.

எடுக்க வேண்டியவை: ரிசீவரின் பின்பகுதி, குழலில் முன் சைட்டுக்குப் பின்னால் உள்ள எழுத்து, போல்டின் வலது காது, சுத்தியல், ட்ரிகர் கூட்டின் பக்கங்கள், ஸ்லைடு, முன்பட்டை, கட்டையின் இரு பக்கமும், வார் குழியின் உட்பக்கமும்.

ஏப்ரல் 9

அண்டர்வுட் குழலுக்கு வருவோம். கடைக்காரர் அதைத்தான் முதல் குற்றமாகச் சொல்லியிருப்பார்.

ஸ்டாண்டர்ட் ப்ராடக்ட்ஸ் குழல் செய்யவே இல்லை. நேஷனல் போஸ்டல் மீட்டரும் குவாலிட்டி ஹார்டுவேரும் அப்படித்தான். வேறு இடத்தில் செய்த குழலை வாங்கி மாட்டினார்கள், அதில் அண்டர்வுட் முக்கியமான இடம். ஆக, உங்கள் துப்பாக்கியில் அண்டர்வுட் குழல் இருப்பது குறை இல்லை, அங்கே அதுதான் இருக்க வேண்டும். ‘ஸ்டாண்டர்ட் ப்ராடக்ட்ஸ்’ என்று எழுதிய குழலை யாராவது விற்க வந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

குழலில் ஒரு தேதி இருக்கும், மாதமும் வருடமும். 6-43 என்பதுபோல. அது குழல் செய்த தேதி, துப்பாக்கி முடிந்த தேதி அல்ல. வரிசை எண்ணை வைத்து ரிசீவர் எப்போது செய்யப்பட்டது என்று கணிக்கலாம். குழல் அதற்குச் சில மாதம் முந்தியிருந்தால் இயல்பு. பிந்தியிருந்தால், அது பிறகு மாட்டிய குழல். எழுத்தைவிட இந்தத் தேதியை நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன். எந்த எழுத்தும் எங்கும் போயிருக்கலாம், காலம் மட்டும் பின்னோக்கிப் போகாது.

ஏப்ரல் 10

‘டெக்சாஸ் தமிழன்’ எழுதியிருக்கிறார்: “தொழிற்சாலையை விட்டு வரும்போது எல்லாப் பாகமும் ஒரே கம்பெனி எழுத்தோடுதான் வந்தது, கலந்ததெல்லாம் போருக்குப் பிறகு.”

இல்லை. இது ரொம்பப் பரவிய நம்பிக்கை, அதனால்தான் நல்ல துப்பாக்கிகள் கெடுகின்றன. ஒரு இடத்தில் ஸ்லைடு தீர்ந்து வேலை நின்றால், இன்னொரு இடத்தில் மிஞ்சியிருப்பதை அனுப்பி வைத்தார்கள். இதை ஒழுங்குபடுத்த ஒப்பந்தக்காரர்களுக்குள் ஒரு குழுவே இயங்கியது. குவாலிட்டி ஹார்டுவேர் பெரும்பாலான பாகங்களை வெளியில்தான் வாங்கியது. ரிசீவரே போதாமல், ரயில்வே சிக்னல் செய்யும் யூனியன் ஸ்விட்ச் கம்பெனியிடம் செய்யச் சொன்னார்கள். அதில் ‘யூஎன்-குவாலிட்டி’ என்று இருக்கும்.

எழுத்தைப் படிக்கும் முறை: ஒற்றை எழுத்தாக இருந்தால் பெரும்பாலும் பிரதான ஒப்பந்தக்காரர். ஐ இன்லண்ட், டபிள்யூ வின்செஸ்டர், யூ அண்டர்வுட், கியூ குவாலிட்டி, ஆர் ராக்-ஓலா, என் நேஷனல் போஸ்டல், பி ஐ.பி.எம். இரண்டு மூன்று எழுத்து சேர்ந்து வந்தால் கடைசி எழுத்தைப் பாருங்கள், அதுதான் யாருக்காகச் செய்தது என்று சொல்லும். முன்னால் இருப்பது செய்தவர். ‘ஏஓபி’ என்றால் ஆட்டோ-ஆர்ட்னன்ஸ் ஐ.பி.எம்.முக்காகச் செய்தது. தாம்சன் துப்பாக்கிக்குப் பெயர் போன அதே ஆட்டோ-ஆர்ட்னன்ஸ்தான்.

எஸ் எழுத்தில் கவனம். தனி எஸ் ஸ்டாண்டர்ட் ப்ராடக்ட்ஸ். எஸ்ஜி சாகினா. அதே எஸ்ஜி எழுத்துகளுக்குப் பக்கத்தில் மேற்கோள்குறி போல் சின்னக் கோடு இருந்தால் சாகினாவின் கிராண்ட் ராப்பிட்ஸ் ஆலை. அந்த ஆலை முதலில் இர்வின்-பெடர்சனிடம் இருந்தது. அவர்கள் செய்தது தேர்வில் நிற்காமல் போக, 1943-இல் சாகினா எடுத்துக்கொண்டது. தேய்ந்த ஜி-யைப் பார்க்காமல் எஸ் என்று விற்பவர்கள் உண்டு. தம்பி, உங்களைப் போல் ‘எஸ் வேண்டும்’ என்று தேடுகிறவர்தான் அவர்களுக்கு வாடிக்கை.

ஏப்ரல் 14

படங்கள் வந்தன. அருமையாக எடுத்திருக்கிறீர்கள், அந்த ஸ்லைடு படத்தைக் குழுவில் எல்லாரும் பார்க்க வேண்டும்.

இப்போது தெளிவாகிறது. இது 1943-இல் பிறந்து, போருக்குப் பிறகு ராணுவப் பட்டறையில் திருத்தி அமைக்கப்பட்ட துப்பாக்கி.

முன்பட்டையைப் பாருங்கள். கீழே பேயனட் (துப்பாக்கி முனைக் கத்தி) மாட்ட ஒரு மூக்கு நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் பட்டை போரின் கடைசிக் கட்டத்தில் வந்தது. ஆனால் 1944-இன் நடுவிலேயே இன்லண்டையும் வின்செஸ்டரையும் தவிர மற்ற எல்லாரும் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். அதனால் ஸ்டாண்டர்ட் ப்ராடக்ட்ஸோ, ராக்-ஓலாவோ, ஐ.பி.எம்.மோ, எதிலாவது அந்தப் பட்டை இருந்தால் அது ஆலையிலிருந்து வந்ததல்ல. இதற்கு விதிவிலக்கு கிடையாது. படத்தில் ஒரு விநாடியில் முடிவு செய்யக்கூடிய விஷயம் இது ஒன்றுதான்.

பின் சைட். முதலில் வந்தது எல் வடிவத் தகடு, 150 கெஜம், 300 கெஜம் என்று இரண்டே நிலை, விரலால் கவிழ்ப்பது. உங்களுடையது பக்கவாட்டிலும் தூரத்திலும் திருப்பக்கூடிய பிந்தைய வகை. பெரியது, அதனால்தான் கம்பெனிப் பெயர் அதன் அடியில் மறைகிறது. சைட் உட்காரும் காடிக்குப் பக்கத்தில் உளியால் குத்திய தடம் ஒன்றுக்கு மேல் தெரிகிறது. ஒரு தடவை கழற்றி மாற்றியிருக்கிறார்கள் என்பதற்கு அது சாட்சி.

பாதுகாப்புப் பூட்டு: முதலில் அழுத்தும் பொத்தானாக இருந்தது. மேகஸினைக் கழற்றும் பொத்தானும் பக்கத்திலேயே. போர்முனையில் பூட்டை விடுவிக்கப் போய் மேகஸினைக் கீழே விட்டார்கள் வீரர்கள். பிறகு சுழலும் நெம்பாக மாற்றினார்கள். உங்களுடையது நெம்பு. போல்டும் மேற்புறம் உருண்ட பிந்தைய வகை, முந்தையது தட்டையாக இருக்கும்.

கட்டைதான் எனக்குப் பிடித்தது. ஓ.ஐ. என்றால் ஓவர்டன், இன்லண்டுக்காகச் செய்தது. ஓவர்டன் இருந்தது சவுத் ஹேவன், உங்கள் மிச்சிகன்தான்! இடது பக்கத்தில் நீங்கள் ‘கீறல்’ என்று குறித்திருப்பது கீறல் அல்ல, இரண்டு ஏ எழுத்து. ஜார்ஜியாவில் இருந்த அகஸ்டா ஆர்சனல் என்ற ராணுவ ஆயுதப் பட்டறையின் முத்திரை. ராக் ஐலண்ட் என்றால் ஆர்ஐஏ, பெனிஷியா என்றால் பிஏ, ஸ்பிரிங்ஃபீல்டு என்றால் எஸ்ஏ, இப்படி ஒவ்வொரு பட்டறைக்கும் ஒன்று. அகஸ்டா 1955-இல் மூடப்பட்டது. ஆக இந்த வேலை அதற்கு முன்பே முடிந்திருக்கிறது.

ஏப்ரல் 15

நேற்று எழுதியதற்கு ஒரு ஒட்டு. அகஸ்டா முத்திரை கட்டையைப் பற்றி மட்டுமே பேசுகிறது. கட்டை கழற்றி மாட்டக்கூடியது, எவரும் எப்போதும் மாற்றியிருக்கலாம். ரிசீவரும் அதே பட்டறைக்குப் போனது என்று சொல்ல இரும்புப் பாகங்களின் சாட்சியும் வேண்டும். உங்கள் படத்தில் பட்டை, சைட், நெம்பு மூன்றும் அந்தக் காலத்துத் திருத்தத்தோடு ஒத்துப்போகின்றன. ரிசீவருக்கும் ட்ரிகர் கூட்டுக்கும் சாம்பல் பாஸ்பேட் பூச்சு ஒரே நிறத்தில் இருக்கிறது. என் முடிவு மாறவில்லை, ஆனால் அது எதன்மேல் நிற்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஏப்ரல் 21

மடக்குக் கட்டை வைத்த எம்1ஏ1 பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். பாராசூட் படைக்காகச் செய்தது, இன்லண்ட் மட்டும், சுமார் 1,40,000.

இதில் ஏமாற்று மலிந்ததற்குக் காரணம் எளிது. ரிசீவரில் எம்1ஏ1 என்று எழுதவே இல்லை, எம்1 என்றுதான் இருக்கும். தனி வரிசை எண்ணும் ஒதுக்கவில்லை. ஆக ‘இது எம்1ஏ1’ என்று சொல்லும் ஒரே சாட்சி அந்தக் கட்டை. கட்டையைப் போலி செய்தால் முழுத் துப்பாக்கியும் போலியாக விலை ஏறிவிடும்.

கொலம்பஸ் பக்கம் ஒரு கண்காட்சியில் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். குறுக்கே வைத்த இரண்டு பீரங்கி முத்திரை அச்சுப் பிசகாமல் இருந்தது. ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தேன். மரத்தில் ஒரு பழைய பள்ளம், அந்தப் பள்ளத்துக்குள்ளும் முத்திரையின் கோடு இறங்கிப் போயிருந்தது. அடி பட்டது முதலில், முத்திரை விழுந்தது பிறகு! எழுபது வருடத்து முத்திரையின்மேல் கீறலும் எண்ணெயும் ஏறியிருக்க வேண்டும், கீறலின்மேல் முத்திரை ஏறக்கூடாது. கோட்டின் உள்விளிம்பில் மரநார் புதிதாக வெட்டிய நிறத்தில் இருந்தது. எதுவும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன், ஆனால் பக்கத்தில் விலை பேசிக்கொண்டிருந்த இளைஞனைத் தனியாகக் கூப்பிட்டு அந்தப் பள்ளத்தைக் காட்டினேன். அவன் பணத்தைப் பையில் வைத்துக்கொண்டான். அந்த மாதிரிப் பணம் ஒரு பொய்க்குப் போகக்கூடாது. இந்தப் பொருளை நேசிப்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள் என்பது எனக்குத் தாங்கவில்லை.

ஏப்ரல் 22

எம்2 பாகங்கள் பற்றி ஒரு வரி. எம்2 தானியங்கியாகச் சுடக்கூடியது. திருத்திய எம்1-களில் எம்2 கட்டை, எம்2 சுத்தியல் போன்றவை தனித்தனியாக இருப்பது சாதாரணம். ஆனால் அந்தத் தானியங்கிப் பாகங்களைத் தொகுப்பாகச் சேர்த்து வைத்திருப்பது அமெரிக்கச் சட்டப்படி இயந்திரத் துப்பாக்கி வைத்திருப்பதற்குச் சமமாகிவிடும். ‘முழு செட்’ என்று யார் மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

ஜூன் 2

‘பாகம் மாற்றவே கூடாது’ என்று நான் பிடிவாதமாகச் சொல்வதை ஒருவர் நியாயமாகக் கேள்வி கேட்டிருக்கிறார். தன் தாத்தா 1944-இல் தூக்கிய மாதிரியே ஒன்றை அமைத்து வீட்டில் வைக்க வேண்டும், அது தவறா என்கிறார். மனைவி வழித் தாத்தா, பெல்ஜியத்தில் போரிட்டவராம்.

சில வாரமாக யோசித்தேன். தவறு என்று சொல்ல எனக்கு மனமில்லை. அவர் விற்பதற்காகக் கேட்கவில்லை. ஏற்கெனவே பல கை மாறிக் கதை தொலைந்த துப்பாக்கியாக ஒன்றை எடுத்து, கழற்றியதை ஒவ்வொன்றாகப் பையில் போட்டுப் பெயர் எழுதி, எந்தப் பாகம் எப்போது மாற்றியது என்று ஒரு தாளில் எழுதி அதோடு வைத்தால் போதும். நாளைக்கு அது பேரனிடம் போனாலும் உண்மை கூடவே போகும். புதிதாக முத்திரை அடிப்பது, பழைய எழுத்தை ராவிவிட்டு வேறு எழுத்து போடுவது, இந்த இரண்டும் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

ஆனால் திருத்திய நிலையிலேயே அப்படியே நிற்கும் துப்பாக்கி வேறு. அதைக் கலைப்பது, கோயில் கல்வெட்டில் பிற்காலத்து வரியைச் செதுக்கி எடுத்துவிட்டு முற்கால வரியை மட்டும் வைப்பது போலத்தான். 1943-உம் உண்மை, அகஸ்டாவும் உண்மை. எல்லாம் ஒரே எழுத்தாகப் பளிச்சென்று இருக்கும் கார்பைனைப் பார்த்தால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வருகிறது. அவற்றில் பலவற்றை யாரோ வீட்டு மேசையில் உட்கார்ந்து தேடித் தேடிச் சேர்த்திருப்பார்கள். சேர்க்க எடுத்த பாகங்கள் எத்தனை நல்ல துப்பாக்கிகளிலிருந்து பிடுங்கப்பட்டவையோ.

ஜூலை 13

மிச்சிகன்வாசியிடமிருந்து வந்த செய்தியைப் படித்துவிட்டு உட்கார முடியவில்லை. அந்த அம்மா பழைய மேசை அறையில் ஒரு உறை கண்டுபிடித்திருக்கிறார். 1963, டி.சி.எம். (சி.எம்.பி.க்கு முன்பிருந்த அரசு அமைப்பு) விற்பனைத் தாள். அந்த வருடம் ராணுவம் கழித்த கார்பைன்களை ரைஃபிள் சங்க உறுப்பினர்களுக்கு 20 டாலருக்கு விற்றார்கள். தாளில் தட்டச்சு செய்த வரிசை எண்ணும் ரிசீவரில் உள்ள எண்ணும் ஒன்று!

பெரியவர் அதன்பிறகு எதையும் மாற்றியதில்லை, வருடத்துக்கு ஒரு தடவை எண்ணெய் போட்டுத் துடைப்பார், அவ்வளவுதான் என்கிறார் அந்த அம்மா. ஏப்ரல் 15-இல் கட்டையைப் பற்றி எழுதிய தயக்கத்துக்கு இதைவிட நல்ல பதில் கிடைக்காது. பட்டறையை விட்டு வந்தது, கிடங்கில் இருந்தது, 1963-இல் தபாலில் வந்தது, ஒரே வீட்டில் இருந்தது. குழலில் இறக்குமதிக்காரர் முத்திரை எதுவும் இல்லாததும் இதோடு சேர்கிறது. 1980-களில் கொரியாவிலிருந்து திரும்பியவற்றில் ‘புளூ ஸ்கை’ போன்ற பெயர் குழலிலேயே ஆழமாகக் குத்தியிருக்கும்.

கடையில் ‘மிக்ஸ்மாஸ்டர்’ என்று தள்ளிய துப்பாக்கி இது. தம்பி, உறையோடு சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள். தாளை மடிப்போடு அப்படியே அமிலமில்லாத உறையில் போடுங்கள், லேமினேட் செய்யாதீர்கள்.

ஜூலை 14

கட்டை மங்கலாக இருக்கிறது, உப்புத்தாள் போட்டு வார்னிஷ் அடிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அந்த இரண்டு ஏ எழுத்தும் மரத்தில் மில்லிமீட்டர் ஆழம்கூட இல்லை, ஒரு தேய்ப்பில் போய்விடும். உலர்ந்த துணியால் துடைத்து, காய்ச்சாத ஆளிவிதை எண்ணெயைச் சில சொட்டு உள்ளங்கையில் எடுத்துத் தடவி, மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்துக் காய வையுங்கள், சுருட்டினால் தானாகத் தீப்பிடிக்கும்.

ஆகஸ்ட் 3

“என்னுடையதில் யுனிவர்சல், ஹையலியா என்று இருக்கிறது, இது எந்த ஒப்பந்தக்காரர்?” என்று கேட்டவருக்கு: ஒப்பந்தக்காரர் இல்லை. ஹையலியா ஃபுளோரிடாவில். போருக்குப் பிறகு பொதுமக்களுக்காகச் செய்து விற்றது. பிளெயின்ஃபீல்டு, ஐவர் ஜான்சன் ஆகியவையும் இந்த வகை. முதலில் ராணுவ உபரிப் பாகங்களை வைத்தே யுனிவர்சல் செய்தார்கள், அதனால் பழைய ஒன்றில் உண்மையான ராணுவப் பாகம் கிடைப்பதுண்டு. பின்னால் வந்தவற்றின் உள்ளமைப்பே வேறு, ஸ்லைடுக்கு இரண்டு ஸ்பிரிங் இருக்கும், ராணுவப் பாகம் பல பொருந்தாது. வலுக்கட்டாயமாகப் பொருத்தப் பார்க்காதீர்கள்.

ஸ்டாண்டர்ட் ப்ராடக்ட்ஸ் வைத்திருப்பவர்கள் வேறு யாராவது இருந்தால், பின் சைட் காடியைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுத்து இங்கே போடுங்கள். குத்துத் தடம் ஒவ்வொரு பட்டறைக்கும் வேறுபடுகிறதா என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு ரொம்ப நாளாக ஆசை.